வேகம் இறங்காத எஞ்சின்

ஓர் எஞ்சின் ஓட மறுத்தால் அதன் சொந்தக்காரர் உடனே கவலை கொள்கிறார். அதே எஞ்சின், அடங்கி ஓட வேண்டிய வேளையில் அளவுக்கு மிஞ்சி ஓடினால் அவர் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. எஞ்சின் நல்ல சுறுசுறுப்பாக இருக்கிறது என்று மகிழ்ச்சி அடைகிறவர்களும் உண்டு. எஞ்சின் பாடம் நடத்துவதே தொழிலாகக் கொண்டிருந்த நானும் ஒரு காலத்தில் ஏறக்குறைய அப்படித்தான் எண்ணியிருந்தேன். அது எவ்வளவு பெரிய பிழை என்பதை எனக்குக் கற்பித்தது, தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தில் கிடந்த ஒரு சிறு மீன்பிடி வள்ளம். அந்த வள்ளத்தின் கதையையும், அதன் எஞ்சினுக்கு நேர்ந்த நோயின் காரணத்தையும் இன்று மாணவ நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் தூரம் ஓடி, புன்னைக்காயல் என்னும் ஊரின் அருகே மன்னார் வளைகுடாவில் விழுகிறது. வழியில் எட்டு அணைக்கட்டுகள் அதன் நீரை மறித்து வயல்களுக்குத் திருப்புகின்றன. அவற்றுள் கடைசியானது ஸ்ரீவைகுண்டம் அணை. அதைத் தாண்டிய பிறகு ஆற்றுக்கு வயலோடு உறவு குறைந்து கடலோடு உறவு தொடங்குகிறது. பாண்டியரின் முத்துத் துறையாக விளங்கிய கொற்கை இந்தப் பகுதியில்தான் இருந்தது. கடல் பின்வாங்கியதால் இன்று அது உள்நாட்டுச் சிற்றூர். 1986ஆம் ஆண்டு வரையில் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த புன்னைக்காயல், அவ்வாண்டு தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தபோது அதனுடன் சேர்ந்தது. மாவட்டத்தின் பெயர் மாறினாலும் ஊராரின் பிழைப்பு மாறவில்லை. இன்றும் அவர்கள் ஆற்று வாயைக் கடந்துதான் கடலுக்குப் போக வேண்டும். அந்த வாயிலோ மணல் மேடிட்டு ஆழம் குறைந்து கிடக்கும். அங்கே வள்ளத்தை மெதுவாக, நிதானமாக நடத்தத் தெரிய வேண்டும். மெதுவாக நடத்த வேண்டுமென்றால் எஞ்சின் மெதுவாக ஓடச் சம்மதிக்க வேண்டும்.

பாயையும் துடுப்பையும் நம்பியிருந்த நம் கடற்கரைகளுக்கு எஞ்சின் வந்த வரலாறு நீளமானது. 1952ஆம் ஆண்டில் இந்திய அரசும் நார்வே அரசும் ஐக்கிய நாடுகள் சபையும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, கொல்லத்துக்கு அருகே நீண்டகரை வட்டாரத்தில் மீன்பிடி படகுகளுக்கு எஞ்சின் பொருத்தும் முயற்சி தொடங்கியது. படகின் உள்ளே நிலையாகப் பொருத்தாமல், பின்புறத்தில் வெளியே தொங்கவிடும் சிறு எஞ்சின்கள் நம் கட்டுமரங்களிலும் வள்ளங்களிலும் பரவியது அதற்கு வெகு காலம் கழித்து, 1980களை ஒட்டித்தான். இதிலே ஒரு சுவையான பொருத்தம் உண்டு. தொங்கும் எஞ்சினை 1909ஆம் ஆண்டை ஒட்டி வியாபாரப் பொருளாக்கி உலகெங்கும் பரப்பிய ஓலே எவின்ரூட் என்பவரும் நார்வே நாட்டில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர்தாம். தம் காதலிக்காக ஏரியின் அக்கரைக்குத் துடுப்புப் போட்டுச் சென்று ஐஸ்கிரீம் வாங்கி வருவதற்குள் அது உருகிப்போயிற்றாம். அந்த ஏமாற்றத்தில்தான் அவருக்கு இந்த எண்ணம் உதித்தது என்று கதை சொல்வார்கள். அந்தக் கதை எவ்வாறாயினும், எஞ்சின் நல்ல எஞ்சின்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் நான் ஆசிரியனாக இருந்தபோது, புன்னைக்காயல் பக்கத்து மாணவன் ஒருவன் என்னிடம் படித்தான். அவனுடைய தகப்பனாருக்கு வள்ளம் ஒன்று உண்டு. ஏறத்தாழ 10 குதிரைச் சக்தியுள்ள தொங்கும் எஞ்சின் அதில் பூட்டப்பட்டிருந்தது. ஒரு திங்கட்கிழமை அவன் என்னிடம் வந்து, "சார், எங்கள் எஞ்சினில் ரேஸ் இறங்க மாட்டேன் என்கிறது. பிடியை முழுவதும் மூடிவிட்டாலும் இரைந்துகொண்டே இருக்கிறது. கியர் போட்டால் வள்ளம் துள்ளுகிறது. என்ன செய்யட்டும்?" என்று கேட்டான்.

நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் இல்லை. "ஸ்லோ திருகை இரண்டு சுற்று வெளியே எடு, சரியாகிவிடும்" என்றேன்.

அவனும் அப்படியே செய்தான். இரைச்சல் தணிந்தது. மறுவாரம் வந்து எனக்கு நன்றி கூறினான். எனக்கும் உள்ளூரப் பெருமை.

அதன் பிறகு பத்து நாள் ஆகியிருக்காது. தகப்பனாரும், சிற்றப்பாவும், விடுமுறையில் உடன் சென்ற மாணவனுமாக மூவர் வலை விரித்துவிட்டுக் கரை நோக்கி முழு வேகத்தில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கரை இன்னும் கண்ணுக்குப் புலப்படவில்லை. எஞ்சின் ஒரு முறை முனகியது, வேகம் தளர்ந்தது, நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தால் சுற்ற மறுத்தது. பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொண்டுவிட்டது. அது கச்சான் காற்று வீசும் காலம். கச்சான் என்பது கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் மேல்காற்று. எஞ்சின் இல்லாத வள்ளத்தை அது நிமிஷத்துக்கு நிமிஷம் வெளியே தள்ளிக்கொண்டு போகும். கைத்தொலைபேசிக்கு அங்கே அலை எட்டவில்லை. வலையையே நீரில் தொங்கவிட்டு, வள்ளம் வேகமாக அடித்துச் செல்லப்படாதபடி இழுவையாக்கிக்கொண்டு, மூவரும் விடிய விடிய விழித்திருந்தார்கள். மறுநாள் காலையில் அவ்வூர் வள்ளம் ஒன்றே அவர்களைக் கண்டு கயிறு கட்டி இழுத்து வந்தது. அந்த இரவு அவர்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை என்று பின்னர் அறிந்தேன்.

செய்தி கேட்டதும் நான் புன்னைக்காயலுக்குப் போனேன். ஓலைக் கொட்டகையின் கீழே ஒரு முதிய மெக்கானிக் எஞ்சினைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஊரில் சிறியவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். பிஸ்டனைக் கையில் எடுத்துக் காட்டினார். அதன் ஒரு பக்கத்தில் நகத்தால் பிறாண்டியது போல நெடுகக் கீறல்கள். பிளக்கைக் காட்டினார். அதன் முனை, சுண்ணாம்பு தடவியது போல வெளுத்திருந்தது.

"தம்பி, இந்த ஸ்லோ திருகை யார் திருப்பியது?" என்று அவர் கேட்டார்.

மாணவன் தலையைக் குனிந்துகொண்டான். பதில் கூறவில்லை. கூறியிருந்தால் எனக்கு அவ்வளவு வருத்தம் இருந்திராது.

"நான்தான் சொன்னேன், அண்ணாச்சி" என்றேன்.

அவர் என்னைக் கோபிக்கவில்லை. "காய்ச்சல்காரனுக்கு ஈரத்துணி போட்டிருக்கிறீர்கள், சார். காய்ச்சல் எதனால் வந்தது என்று பார்த்திருக்க வேண்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

அந்தக் காய்ச்சல் எதனால் வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள, இத்தகைய எஞ்சின் எவ்வாறு மூச்சுவிடுகிறது என்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

சுமை ஏதும் இல்லாமல் ஓர் எஞ்சின் குறைந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நிலைக்கு ஐடிலிங் என்று பெயர். நம் மெக்கானிக்குகள் அதை ஸ்லோ என்பார்கள். தொங்கும் எஞ்சின்கள் பலவற்றுக்கு இந்த வேகம் நிமிஷத்துக்கு 700 முதல் 1,000 சுற்று வரை. முழு வேகத்தில் 5,000 சுற்றையும் எட்டும். இவ்விரண்டுக்கும் இடையே வேகத்தை ஏற்றி இறக்குவது கார்புரேட்டரில் உள்ள ஒரு வட்டத் தகடு. கைப்பிடியைத் திருப்பினால் தகடு திறக்கிறது. அதிகக் காற்று உள்ளே போகிறது. அந்தக் காற்று போகும் போக்கில் பெட்ரோலையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. கைப்பிடியை மூடினால் தகடு ஏறக்குறைய முழுவதும் மூடிக்கொள்கிறது. முழுவதும் மூடிவிட்டால் எஞ்சின் மூச்சடைத்து நின்றுவிடும். ஆகையால் நூலிழை அளவு இடைவெளி இருக்கும்படி ஒரு சிறு திருகு தகட்டைத் தடுத்து நிறுத்துகிறது. நான் திருப்பச் சொன்னேனே, அந்த ஸ்லோ திருகு இதுதான்.

சிறு மீன்பிடி எஞ்சின்களில் பல, இரண்டடிப்பு எஞ்சின் என்னும் வகையைச் சேர்ந்தவை. இங்கிலாந்தில் பாத் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் டே என்பவர் 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதன் எளிய வடிவை அமைத்தார். அவருடைய அமைப்பின் அழகு, பிஸ்டனின் கீழ்ப்பக்கத்துக்கும் ஒரு வேலை கொடுத்ததுதான். மற்ற எஞ்சின்களில் பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் அறையில் எண்ணெய் தேங்கி நிற்கும். இதிலே அந்த அறை ஒரு துருத்தி. பிஸ்டன் மேலே ஏறும்போது அறையில் வெற்றிடம் உண்டாகிக் கார்புரேட்டர் வழியே காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே வருகின்றன. பிஸ்டன் இறங்கும்போது அந்தக் கலவை அமுங்கி, பக்கத்து வழியாக மேலேறிச் சிலிண்டருக்குள் பாய்கிறது. அங்கே பிளக்கின் பொறி அதைக் கொளுத்துகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வெடிப்பு. நிமிஷத்துக்கு 5,000 சுற்று என்றால் 5,000 வெடிப்புகள்.

துருத்தியாகப் பயன்படும் அறையில் எண்ணெயைத் தேக்கிவைக்க இயலாது அல்லவா? ஆகவே பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்துவிடுகிறார்கள். பல எஞ்சின்களுக்கு 50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய், அதாவது லிட்டருக்கு 20 மில்லி. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்களிலும் இப்படித்தான் கலப்பார்கள். மாணவர்கள் இந்த இடத்தைச் சற்று மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த எஞ்சினுக்குச் சோறும் நீரும் ஒரே குழாயில் வருகின்றன. சோறு குறைந்தால் நீரும் கூடவே குறைந்துபோகும்.

ஒரு பங்கு பெட்ரோல் சரியாக எரிய, எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். கார்புரேட்டர் இந்த விகிதத்தை ஒட்டிக் கலவையைச் சேர்த்து அனுப்புகிறது. கார்புரேட்டரைத் தாண்டிய பிறகு எங்கேனும் ஒரு சிறு இடுக்கு இருந்தால் என்ன நிகழும்? கிராங்க் அறையின் வெற்றிடம் அந்த இடுக்கின் வழியாகவும் காற்றை உறிஞ்சும். அந்தக் காற்றோடு பெட்ரோல் வராது. கலவை நீர்த்துப்போகிறது. ஸ்லோவில் சற்றுக் கெட்டியான கலவையைக் குடித்துச் சோம்பலாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சின், நீர்த்த கலவையாலும் கூடுதல் காற்றாலும் வேகம் கொள்கிறது. வெளியிலிருந்து கேட்பவருக்கு அது சுறுசுறுப்பாகத் தோன்றுகிறது. உள்ளேயோ சூடு ஏறிக்கொண்டிருக்கிறது. பெட்ரோலைக் கொண்டு தன்னைக் குளிர்வித்துக்கொள்ளவும் வழி குறைந்தது. பெட்ரோலோடு வர வேண்டிய எண்ணெயும் குறைந்தது. அலுமினியப் பிஸ்டன் சூட்டில் பருக்கிறது, வழுக்கிச் செல்ல எண்ணெய் இல்லை, சுவரைப் பிறாண்டுகிறது, இறுகிவிடுகிறது.

அப்படியானால், இடுக்கு எப்போதும் உள்ளதுதானே, ஸ்லோவில் மட்டும் அது ஏன் வெளிப்படுகிறது என்று கேட்கலாம். இதற்கு நம் வயல்களைப் பார்த்தால் போதும். வாய்க்கால் கரையில் ஒரு நண்டு வளை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மதகை முழுவதும் திறந்து வெள்ளமாகத் தண்ணீர் பாயும்போது அந்த வளையில் கசிவது யார் கண்ணுக்கும் படாது. மதகுப் பலகையை அடியோடு இறக்கிவிட்ட பிறகும் வயலில் நீர் ஏறிக்கொண்டே இருந்தால் அப்போதுதான், வேறு எங்கோ ஒரு வழி இருக்கிறது என்று நமக்குப் புலப்படும். எஞ்சினிலும், தகடு மூடியிருக்கும்போதுதான் உள்ளே வெற்றிடம் மிகுதி. சரியான வழியில் வரும் காற்றும் மிகக் குறைவு. குண்டூசித் தலை அளவு இடுக்கில் வரும் காற்றுகூட அப்போது பெரும் பங்காகிவிடும். மதகை இறக்கியும் நீர் நிற்காதபோது மதகுப் பலகையை இன்னும் அழுத்தி இறக்கச் சொன்ன புத்திசாலி நான்.

இவ்விடத்தில் ஆற்றின் மறு முனையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இதே தாமிரபரணியின் தலைப்பில், பாபநாசத்தில், 1944ஆம் ஆண்டு முதல் நீர்மின் நிலையம் இயங்கி வருகிறது. அங்கேயும் சுழலும் யந்திரங்கள். அவற்றுக்கும் வேகம் மிஞ்சும் ஆபத்து உண்டு. மின்சாரத்தின் தேவை திடீரென்று குறைந்தால் சுமை இழந்த சக்கரம் விர்ரென்று வேகமெடுக்கப் பார்க்கும். அதை அடக்க, வேகத்தை உணர்ந்து நீரின் வழியைத் தானே குறைக்கும் கருவி ஒன்று வைத்திருக்கிறார்கள். கவர்னர் என்று அதற்குப் பெயர். நீராவி எஞ்சினுக்காக ஜேம்ஸ் வாட் 1788ஆம் ஆண்டில் சுழலும் இரு குண்டுகளைக் கொண்டு அமைத்த கவர்னரின் வழி வந்ததுதான் அது. கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சினிலும் கவர்னர் உண்டு. வள்ளத்தில் தொங்கும் சிறு எஞ்சினுக்கு அப்படிப்பட்ட காவலன் பெரும்பாலும் கிடையாது. அதன் காவலன், அதைப் பிடித்திருக்கும் மனிதனின் காதுதான்.

அண்ணாச்சியின் காது அவ்வகைக் காது. அன்று முழுவதும் அவர் அருகில் அமர்ந்து, ரேஸ் இறங்காத எஞ்சினை எப்படிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவர் சொன்ன முறையில் ஓர் ஒழுங்கு இருந்தது. எளிதில் பார்க்கக்கூடியதை முதலிலும், பிரித்துப் பார்க்க வேண்டியதைக் கடைசியிலும் வைத்திருந்தார்.

முதலில் கைப்பிடியைப் பார்க்க வேண்டும். சில எஞ்சின்களில் பிடி தானே நழுவாதபடி இறுக்கிவைக்க ஒரு திருகு உண்டு. அதை யாராவது இறுக்கிவிட்டு மறந்திருப்பார்கள். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புவதற்காக வைத்த நிலையிலேயே பிடியை விட்டிருப்பார்கள். இதைப் பார்க்காமல் கார்புரேட்டரைக் கழற்றுகிறவர்களை நினைத்து அண்ணாச்சி நிரம்பச் சிரித்தார்.

அடுத்தது கேபிள். உப்புக் காற்றில் அது துருப்பிடித்து உறைக்குள் சிக்கிக்கொள்ளும். பிடியை மூடினாலும் தகடு மூடாது. எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது அதை இடமும் வலமும் திருப்பிப் பார்க்க வேண்டும். திருப்பும்போது சப்தம் ஏறி இறங்கினால் குற்றம் கேபிளில்தான். திரும்பும் தோறும் அது இழுபடுகிறது. எஞ்சினை நிறுத்தி மேல்மூடியைத் திறந்து, பிடியைத் திருப்பிவிட்டால், தகடு டக்கென்று தன் நிலைக்கு வந்து திருகின் முனையில் உட்கார வேண்டும். பல எஞ்சின்களில் இதனோடு பொறி விழும் நேரத்தை மாற்றும் கம்பியும் பிணைந்திருக்கும். அதுவும் முழுவதும் பின்னால் வர வேண்டும். பொறி முந்தி விழுந்துகொண்டே இருந்தாலும் ஸ்லோ ஏறும்.

இவை எல்லாம் சரியாக இருந்து, தகடும் மூடியிருந்து, திருகை வெளியே எடுத்த பிறகும் வேகம் தணியாவிட்டால், அல்லது தணிவதற்காகத் திருகை வழக்கத்துக்கு மீறி வெளியே எடுக்க வேண்டியிருந்தால், அப்போது திருட்டுக் காற்றைத் தேட வேண்டும். என் மாணவன் அன்று சொன்ன குறிகளும், திருகு நின்ற நிலையும் இதைத்தான் காட்டின. எனக்குப் பார்க்கத் தெரியவில்லை.

தேடும் இடங்கள் மூன்று. கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் பொருத்து. அதற்கு உள்ளே, கலவை திரும்பி வராமல் தடுக்கும் மெல்லிய நாக்குத் தகடுகள் பொருத்தப்பட்ட இடம். கிராங்க் தண்டு அறையை விட்டு வெளியே வரும் இரு முனைகளிலும் உள்ள ஆயில் சீல்கள். முதல் இரண்டையும் ஓடும் எஞ்சினிலேயே சோதிக்கலாம். பொருத்தைச் சுற்றிக் கெட்டியான எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இடுக்கு உள்ள இடத்தில் எண்ணெய் அதை அடைத்ததும் எஞ்சினின் குரல் மாறிவிடும். பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கிற பழக்கமும் சிலரிடம் உண்டு. சூடான எஞ்சினில் அது தீயோடு விளையாடுவது. சீல் பழுதாகியிருந்தால் மட்டும் எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டும்.

இந்தச் சோதனைகளை எல்லாம் எஞ்சினின் கீழ்ப்பகுதி நீரில் மூழ்கியிருக்கும்போதுதான் செய்ய வேண்டும். குளிர்விக்கும் நீரை ஏற்றுவது ஒரு சிறு ரப்பர்ச் சக்கரம். நீரில்லாமல் ஓட்டினால் அது வெகு சீக்கிரம் கருகிவிடும்.

வேறொரு வஞ்சகமான காரணத்தையும் அண்ணாச்சி கூறினார். கார்புரேட்டரில் ஸ்லோவுக்கென்று தனியாக மயிரிழை போன்ற துவாரம் ஒன்று உண்டு. அழுக்கோ உப்போ அதை அடைத்தால் எஞ்சின் ஸ்லோவில் நிற்காமல் அணைந்துபோகும். அணையாமல் இருக்க யாரேனும் ஸ்லோ திருகை உள்ளே ஏற்றிவைப்பார்கள். பிறகு ஒரு நாள் அழுக்குத் தானே விலகும், எஞ்சின் அலறும். அப்போது திருகைக் குறைப்பதுதான் சரியான மருந்து. ஆகவே திருகைத் தொடவே கூடாது என்பதில்லை. அதை யார், எப்போது, எதற்காகத் திருப்பினார்கள் என்று கேட்காமல் தொடக்கூடாது.

வேகம் இறங்காத எஞ்சினால் வரும் தீங்கு, பிஸ்டன் இறுகுவது மட்டுமன்று. அத்தகைய எஞ்சினில் கியரை மாற்றும்போது பல்லும் பல்லும் மோதித் தேய்கின்றன. வள்ளம் ஒரே குதியாக முன்னே பாய்கிறது. ஆற்று வாயில் இடுப்பளவு நீரில் நின்று வள்ளத்தைத் தள்ளுகிறவர்கள் இருப்பார்கள். அருகிலே புரொப்பெல்லர் சுழல்கிறது. சுற்றுலாக் கடற்கரைகளில் இப்போது நீர்மேல் ஓடும் ஸ்கூட்டர்களைக் காண்கிறோம். 1970களின் தொடக்கத்தில் ஜப்பானியக் கம்பெனியான கவாசாகி ஜெட் ஸ்கீ என்னும் பெயரில் விற்கத் தொடங்கிய வகை அது. அவற்றின் பழைய மாதிரிகளிலும் இரண்டடிப்பு எஞ்சின்தான். அவற்றுக்கும் இதே காய்ச்சல் வரும். பல பழைய மாதிரிகளில் கியரே கிடையாது. எஞ்சின் ஓடினால் வண்டி நகரும். ஸ்லோ ஏறிவிட்டால், ஓட்டுகிறவர் சும்மா இருக்கும்போதே அது குளிப்பவர்களை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். புதிய எஞ்சின்களில் நான்கடிப்பு முறையும், ஸ்லோவைத் தானே அளந்து திருத்தும் மின்னணுக் கருவியும் வந்துவிட்டன. ஆயினும் பழைய எஞ்சின்கள் நம் கரைகளிலிருந்து இன்னும் விடைபெறவில்லை.

காற்று மிகுதியாகப் புகுந்துவிட்டால், சில வேளைகளில் ஸ்விட்சை அணைத்தாலும் எஞ்சின் நிற்காது. உள்ளே பழுத்திருக்கும் கரியே கலவையைக் கொளுத்தும். அப்போது திகைத்து நிற்காமல் சோக்கை முழுவதும் இழுத்துவிட வேண்டும். பெட்ரோல் வெள்ளமாகப் புகுந்து கலவை கெட்டியாகி எஞ்சின் மூச்சடைத்து நிற்கும். இதையும் அங்கேதான் கற்றேன். பாடப் புத்தகத்தில் நான் அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விட்டிருக்க வேண்டும்.

கடைசியாக அண்ணாச்சி கார்புரேட்டரைக் கழற்றினார். அதற்கும் எஞ்சினுக்கும் இடையே இருக்க வேண்டிய பேக்கிங்கை விரலால் சுரண்டி எடுத்தார். அது கடையில் வாங்கிய பேக்கிங் அன்று. எப்போதோ அவசரத்துக்கு யாரோ கத்தரிக்கோலால் வெட்டிவைத்த வெறும் அட்டை. பெட்ரோலில் ஊறி, சூட்டில் உலர்ந்து, ஒரு மூலையில் உதிர்ந்திருந்தது. நான் திருகைத் திருப்பச் சொன்ன நாளில் அந்த மூலை சிறிதளவு உதிர்ந்திருக்கும். கடலில் நின்ற நாளில் அது நகத்தளவு ஆகியிருந்தது. அண்ணாச்சி சரியான பேக்கிங்கைப் பொருத்தினார். புதிய பிஸ்டனைப் போட்டு, ஆற்றங்கரையில் நீருக்குள் இறக்கி எஞ்சினைக் கிளப்பினார். எஞ்சின் இரண்டு முறை தும்மிவிட்டு அணைந்துபோயிற்று. மறுபடியும் கிளப்பினார், மறுபடியும் அணைந்தது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாணவனுக்கு விளங்கிவிட்டது. திருட்டுக் காற்று நின்றுவிட்டதால், நான் வெளியே எடுக்கச் சொன்ன அந்த இரண்டு சுற்றும் இப்போது எஞ்சினின் மூச்சை அடைத்துக்கொண்டிருந்தன.

"அண்ணாச்சி, நான் திருப்பட்டுமா?" என்று கேட்டான். அவர் திருப்புளியை அவன் கையில் கொடுத்தார். அவன் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, இரண்டு சுற்று உள்ளே திருப்பினான். எஞ்சின் கிளம்பி, பூனை உறுமுவது போல ஒரே சீராக ஓடியது.

பழைய பேக்கிங்கை நான் கேட்டு வாங்கி வந்தேன். அது ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டை. எண்ணெய்க் கறைக்கு நடுவே, ஏழாம் வாய்ப்பாட்டின் பாதி இன்னும் படிக்கும்படியாக இருக்கிறது.